சாயில் அண்ட் வாட்டர் டிஸ்ட்ரிக்ட்ல நீ என்னதான் வேலை பாக்குற? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

ஊருக்கு போன் போட்டா ஒரு கேள்வி, இங்க கொலம்பஸ் நகரத்துப் பக்கம் நம்மாளுங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா அதே கேள்வி. ஐடின்னு சொல்லியிருந்தா ஒரே வார்த்தைல முடிஞ்சிருக்கும். நான் இருக்கிறது அமெரிக்கால ஓஹையோ மாநிலத்தோட வடமேற்கு மூலை, மக்காச்சோளமும் சோயாவும் தவிர கண்ணுக்கெட்டின தூரம் ஒண்ணும் கிடையாது, அங்க ஒரு கவுன்டியோட சாயில் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட்ல டெக்னீஷியன். எட்டு வருஷமா வாயாலயே பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன். கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன், யாரும் கோச்சுக்காதீங்க.

ஏம்மா, டிஸ்ட்ரிக்ட்னு சொல்றியே, அப்போ உனக்கு மேல கலெக்டர் இருக்காரா?

சித்தப்பா கேட்டது. இல்ல சித்தப்பா, நம்ம மாவட்டம் வேற இது வேற. இங்க மாநிலத்துக்குக் கீழ கவுன்டின்னு ஒண்ணு, ஓஹையோல 88 கவுன்டி இருக்கு. ஒவ்வொரு கவுன்டிக்கும் மண்ணையும் தண்ணியையும் மட்டும் பாத்துக்கறதுக்குன்னு தனியா ஒரு அமைப்பு, அதுக்குப் பேருதான் டிஸ்ட்ரிக்ட். ரோடு போடறது, பட்டா மாத்தறது எல்லாம் எங்களுக்கு சம்பந்தமே இல்ல.

மேல இருக்கிறது அஞ்சு பேரு கொண்ட போர்டு. அந்தக் கவுன்டி ஆளுங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க, மூணு வருஷம் பதவி, சம்பளம் கிடையாது, பெரும்பாலும் விவசாயிங்கதான். எலெக்ஷன்னு சொன்ன உடனே மைக்செட், போஸ்டர்னு நினைக்காதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டுக் கூட்டம் போட்டு சாப்பாடு போடுவாங்க, அங்கயே சீட்டு எழுதிப் பெட்டில போடறதுதான். போர்டுக்குக் கீழ வேலை செய்ய எங்க கவுன்டில நாங்க நாலு பேரு.

சம்பளம் யாரு தர்றா? கவர்ன்மென்ட் வேலையா, இல்லையா?

பாதி ஆமா. கவுன்டி நிர்வாகம் ஒரு தொகை ஒதுக்கும், அதைப் பாத்து மாநில அரசு தன் பங்குக்கு ஒரு தொகை சேர்த்துக் குடுக்கும். அது போக நாங்களே வருஷா வருஷம் மரக்கன்னு விக்கிறோம், விதைக்கிற மெஷினை வாடகைக்கு விடறோம், சில்லறை வரும். கவுன்டில பட்ஜெட் இறுக்கினா எங்களுக்கும் இறுகும்.

குழப்பம் எங்க வருதுன்னா, அதே பில்டிங்ல பக்கத்து டேபிள்ல என்ஆர்சிஎஸ்னு, அதாவது இயற்கை வளப் பாதுகாப்புக்குன்னு, ஒரு ஆபீஸ், அது ஃபெடரல், டெல்லி மாதிரி வாஷிங்டன்ல இருந்து வர்ற துறை. பெரிய மானியம் எல்லாம் அவங்க வழியாத்தான். விவசாயிக்கு யாரு ஃபெடரல், யாரு டிஸ்ட்ரிக்ட்னு வித்தியாசமே தெரியாது, "மண்ணு ஆபீஸ்"னு பொதுவா சொல்லிட்டு எந்த டேபிள்ல காபி சூடா இருக்கோ அங்க உக்காந்துடுவாரு.

இத யாரு ஆரம்பிச்சது? எதுக்காக?

1930கள்ல இங்க நடுப்பகுதில டஸ்ட் பௌல்னு ஒரு பெரிய நாசம் நடந்துச்சு. காலங்காலமா புல்லு நின்ன சமவெளிய மொத்தமா உழுது கோதுமை போட்டாங்க, பின்னாடியே பல வருஷம் மழை பொய்ச்சுது, பிடிச்சு வைக்க வேரே இல்லாததால காத்து மண்ணை அப்படியே அள்ளிட்டுப் போச்சு. 1935 ஏப்ரல் 14 ஞாயித்துக்கிழமை வந்த புழுதிப்புயல்ல பட்டப்பகல் இருட்டாயிடுச்சு, இன்னைக்கும் அதுக்கு கருப்பு ஞாயிறுன்னுதான் பேரு. ஹ்யூ ஹேமன்ட் பென்னட்னு ஒரு மண் ஆய்வாளர், அவரு அதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருந்தவரு, புழுதி வாஷிங்டன் வரைக்கும் பறந்து வந்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் காது கேட்டுச்சு. அதே மாசம் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, புதுசா வந்த துறைக்கு பென்னட்தான் தலைவர்.

ஆனா வாஷிங்டன்ல இருந்து ஆள் வந்து "இப்படி உழு"ன்னு சொன்னா எந்த விவசாயி கேப்பான்? அதனால 1937ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எல்லா மாநில கவர்னருக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, அந்தந்த ஊர் ஆளுங்களே நடத்துற டிஸ்ட்ரிக்ட் அமைச்சுக்கோங்கன்னாரு. முதல் டிஸ்ட்ரிக்ட் அதே வருஷம் ஆகஸ்ட்ல வட கரோலினா மாநிலத்துல பிரவுன் க்ரீக்னு வந்துச்சு, அது பென்னட் பொறந்த ஊர்ப் பக்கம். இப்போ நாடு முழுக்க ஏறக்குறைய 3,000 இருக்கு.

அங்க நிலம் கேரம்போர்டு மாதிரி தட்டையா இருக்கே, போட்டோல பாத்தேன். மண்ணு எங்க அரிக்கப் போகுது?

தட்டையாத்தான் இருக்கு, ஆனா தண்ணிக்கு ஒரு அடி சரிவு போதும். ஒரு ஏக்கர்ல ஒரு இஞ்ச் மழை பேஞ்சா அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. 80 ஏக்கர் வயல்னா கணக்குப் போட்டுப் பாருங்க, அவ்வளவும் ஒரு தாழ்வான இடத்தைத் தேடி ஒரே கோட்டுல ஓடுறப்போ அந்தக் கோட்டுல பள்ளம் பறிச்சுடும். மீதி வயல்ல நடக்கிறது கண்ணுக்கே தெரியாது. இங்க கணக்குல ஏக்கருக்கு வருஷம் 5 டன் வரைக்கும் போனா பொறுத்துக்கலாம்னு ஒரு உச்ச வரம்பு வெச்சிருக்காங்க. 5 டன்னு கேக்கப் பெருசா இருக்கும், ஆனா ஏக்கர் முழுக்க பரப்பினா ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வருஷம் ஒரு மில்லிமீட்டர் போறத எந்த விவசாயி பாப்பாரு? அவரு தாத்தா காலத்துல மேட்டுல கருப்பா இருந்த மண்ணு இப்போ வெளுத்துப்போய்க் கிடக்கும், அப்பத்தான் தெரியும். என்னைக் கேட்டா அந்த 5 டன்னே தாராளம், அவ்வளவு வேகத்துல மண்ணு புதுசா உருவாகறதில்ல.

ஸ்கூல் பசங்களுக்கு நாங்க ஒண்ணு செஞ்சு காட்டுவோம், பெரியவங்களும் எட்டிப் பாப்பாங்க. ரெண்டு கண்ணாடி ஜாடில தண்ணி, வாய்ல சின்னதா ஒரு கம்பி வலை. ஒரு ஜாடில வருஷா வருஷம் உழுற வயல்ல எடுத்த காஞ்ச மண்ணாங்கட்டி, இன்னொண்ணுல இருபது வருஷமா உழாத வயல்ல எடுத்தது, ரெண்டும் ஒரே ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். தண்ணில இறக்கின உடனே முதல் கட்டி புஸ்ஸுனு குமிழி விட்டுக் கரைஞ்சு ரெண்டு நிமிஷத்துல ஜாடி பூரா காபி கலரு. ரெண்டாவது கட்டி அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கும், தண்ணி தெளிவா, ஓரத்துல வேர் நுனி மட்டும் ஆடும். சாயங்காலம் ஜாடியக் கழுவறப்பவும் பாதிக் கட்டி வலைலதான் இருக்கும்.

சரி, காலைல ஆபீஸ் போனா சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணுவ?

சீசனைப் பொறுத்தது. மார்ச், ஏப்ரல்ல மரக்கன்னு கட்டு கட்டா வந்து எறங்கும், எண்ணி எண்ணிக் கவர்ல போட்டுக் குடுக்கணும். கோடைல வயல் சர்வே. குளிர்காலத்துல பேப்பர் வேலையும் மீட்டிங்கும். நடுவுல குளத்துல பாசி, வீட்டுப் பின்னாடி தண்ணி நிக்குது, பக்கத்து வீட்டுக்காரன் வாய்க்காலை அடைச்சுட்டான்னு போன். கடைசி வகைதான் ஜாஸ்தி, வரப்புச் சண்டை உலகம் பூரா ஒண்ணுதான்.

எனக்குப் பிடிச்ச வேலை புல் வாய்க்கால். மேல சொன்னேன் பாருங்க, தண்ணி ஒரே கோட்டுல ஓடிப் பள்ளம் பறிக்குதுன்னு, அந்தக் கோட்டை அகலமா, ஆழம் கம்மியா, சாப்பாட்டுத் தட்டு மாதிரி வெட்டிப் புல்லு போட்டு விட்டுடறது. முப்பது நாப்பது அடி அகலம் வரும். லேசர் லெவல் வெச்சு சரிவு எடுத்து, எவ்வளவு தண்ணி வரும்னு கணக்குப் போட்டு, வரைபடம் போட்டு, காண்ட்ராக்டர் புல்டோசர் ஓட்டுறப்போ கூடவே நின்னு ஒவ்வொரு இடமா லெவல் பாக்கணும். புல்லு பிடிக்கிறதுக்குள்ள ஒரு பெருமழை வந்தா அவ்வளவுதான், மறுபடியும் முதல்ல இருந்து. ஒரு வருஷம் எனக்கு அது நடந்துச்சு, ராத்திரி மழைச் சத்தம் கேட்டு முழிச்சவ அப்புறம் தூங்கவே இல்ல, காலைல போய்ப் பாத்தா போட்ட வைக்கோல் வலை எல்லாம் சுருண்டு வேலிக்கம்பத்துல மாட்டிக் கிடக்கு.

விவசாயிக்கு இதுல ரெண்டு கடுப்பு. அவ்வளவு எடத்துல பயிர் போச்சேன்னு ஒண்ணு, மருந்து அடிக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல நிறுத்தி நிறுத்தி அடிக்கணும்னு ஒண்ணு. நிறுத்த மறந்துட்டா புல்லு செத்துடும், நாங்க போய்ப் பாத்தா "எப்படி காஞ்சுதுன்னே தெரியல"ம்பாரு.

மழைத்தண்ணிய சேமிக்காம பூமிக்கடில குழாய் போட்டு வெளிய விடறாங்களாமே, அவங்களுக்கென்ன பைத்தியமா?

அப்பா இதை ஒரு பத்து தடவையாவது கேட்டிருப்பாரு. விருதுநகர் பக்கம் மானாவாரி கரிசல்ல மழைக்கு ஏங்கிப் பழகினவருக்கு இது பாவம் மாதிரி படுது, அதுல தப்பில்ல. விஷயம் என்னன்னா, வருஷத்துக்கு நம்ம தமிழ்நாட்டுக்குப் பெய்யுற சராசரி மழையும் இங்க பெய்யுற மழையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ரெண்டும் 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆனா நமக்கு அதுல ஏறக்குறைய பாதி ஐப்பசி கார்த்திகைய ஒட்டி மூணு மாசத்துல கொட்டிட்டுப் போயிடும், மீதி நாளு வெயில் குடிச்சுடும். இங்க பன்னெண்டு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா பெய்யும், குளிர்காலத்துல ஆவியாகவே ஆகாது, மார்ச்ல பனியும் உருகும். மண்ணு களி. இந்த ஏரியாவே ஒரு காலத்துல கிரேட் பிளாக் ஸ்வாம்ப்னு ஒரு மாபெரும் சதுப்புக் காடு, 1800களோட பின்பாதில வாய்க்கால் வெட்டி வடிச்சுத்தான் நிலமாவே ஆக்கினாங்க.

அதனால வயலுக்கு அடில மூணடி ஆழத்துல ஓட்டை போட்ட குழாயை வரிசை வரிசையா பதிச்சிருக்காங்க. பேரு டைல், வீட்டுத் தரைல ஒட்டற டைல் இல்ல, முன்ன சுட்ட மண் குழாய் போட்டதால வந்த பேரு, இப்போ பிளாஸ்டிக். இது இல்லாட்டி ஏப்ரல்ல டிராக்டர் இறக்கவே முடியாது, வேரு அழுகிடும். டைலை எடுன்னு நாங்க சொல்றதில்ல, சொன்னா அடிக்க வருவாங்க. சில இடத்துல குழாய் முடியுற எடத்துல ஒரு மதகு மாதிரி தடுப்புப் பெட்டி வெச்சு, பயிர் இல்லாத காலத்துல தண்ணிய உள்ளயே நிறுத்தச் சொல்றோம். நம்மூர் கண்மாய் மடைல பலகை போட்டு எடுக்கிறதுதான், வேற ஒண்ணுமில்ல.

உழாம எப்படிம்மா வெதைக்கிறது? முளைக்குமா?

முளைக்கும். பழைய பயிரோட தாளு, சருகு எல்லாம் மேல அப்படியே கிடக்கும், மெஷின்ல இருக்கிற வட்டத் தகடு அதை வெட்டி மண்ணுல ஒரு கீறல் போடும், விதை உள்ள விழும், பின்னாடி வர்ற சக்கரம் மூடிடும். இதே ஓஹையோல வூஸ்டர்னு ஒரு ஊர்ல 1962ல ஆரம்பிச்ச சோதனை வயல் இன்னும் உழாமயே நடக்குது, உலகத்துலயே ரொம்பப் பழைய உழவில்லா வயல்கள்ல அதுவும் ஒண்ணு. மெஷின் விலை ஜாஸ்தி, சின்ன விவசாயி வாங்க முடியாது, அதான் எங்க ஆபீஸ்ல ஒண்ணு வெச்சு ஏக்கர் கணக்குல வாடகைக்கு விடறோம். கழுவாம திருப்பிக் குடுக்கிறவங்க லிஸ்ட் எங்கிட்ட இருக்கு.

கவர் கிராப்னு ஏதோ சொன்னியே, அது நம்ம தக்கைப்பூண்டுதானே?

சொந்தக்காரங்க மாதிரின்னு வெச்சுக்கோங்க. நம்மூர்ல தக்கைப்பூண்டோ சணப்போ போட்டு, பூக்கறப்போ மடக்கி உழுது சேத்துல மிதிச்சு விட்டுட்டு நெல்லு நடுவோம், முக்கியமா உரத்துக்கு. இங்க முதல் நோக்கம் மூடாக்கு. அக்டோபர்ல அறுவடை முடிஞ்சா மே வரைக்கும் நிலம் வெத்து உடம்போட கிடக்கும், அப்போ ரைன்னு ஒரு தானியப் பயிரை விதைச்சு விட்டா பனிக்குள்ளயும் உயிரோட இருந்து வேரால மண்ணைப் பிடிச்சுக்கும், மிச்சம் கிடக்கிற உரத்தையும் உறிஞ்சி வெச்சுக்கும்.

பிரச்சனை என்னன்னா வசந்தத்துல அதைக் கொல்லணும். பெரும்பாலானவங்க களைக்கொல்லி அடிச்சுத்தான் கொல்றாங்க. இயற்கை விவசாயம் பேசுற நம்ம ஃப்ரெண்ட்ஸ் இத கேட்டா முகத்தைச் சுளிப்பாங்க, நியாயம்தான், ஆனா மருந்தே வேண்டாம்னா திரும்ப உழணும், உழுதா ஜாடில பாத்த கதை. உருளை ஓட்டி மடக்கிச் சாகடிக்கிற முறையும் இருக்கு, அதுக்கு சரியான நாள் பாக்கத் தெரியணும்.

விவசாயி மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? ஃபைன் போடுவீங்களா?

முடியாது. எங்க கையில நோட்டீஸும் இல்ல ஃபைனும் இல்ல, எல்லாம் அவரா விரும்பிச் செஞ்சாத்தான். வற்புறுத்தல்னு பாத்தா வேற பக்கம் இருந்துதான் வரும். 1985ல வந்த விவசாயச் சட்டத்துல, ரொம்ப அரிக்கக்கூடிய நிலம்னு வகைப்படுத்தின நிலத்துல பாதுகாப்புத் திட்டம் இல்லாம பயிர் வெச்சா ஃபெடரல் சலுகைகள் கெடைக்காதுன்னு போட்டாங்க. ஓஹையோல 50 ஏக்கருக்கு மேல உரம் போடறவங்க சர்டிஃபிகேட் வாங்கணும்னு 2014ல ஒரு சட்டம். 2015ல இன்னொண்ணு, எங்க பக்கத்து வயல்கள்ல உறைஞ்ச மண்ணு மேலயும் ஏற்கனவே தண்ணி ஊறி நிக்கிற மண்ணு மேலயும் சாணி, உரம் போடக் கூடாதுன்னு. இதெல்லாம் மாநிலத்தோட அதிகாரம். சாணித்தண்ணி வாய்க்கால்ல கலக்குதுன்னு புகார் வந்தா நாங்க போய்ப் பாப்போம், அவ்வளவுதான்.

மத்தபடி எங்க ஆயுதம் சமையலறை மேஜைதான். ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல, அவரு வயல்ல பள்ளம் ஒரு ஆள் எறங்கி நிக்கிற அளவுக்குப் போயிருந்துச்சு. முதல் வருஷம் நான் போனப்போ கதவைப் பாதி தொறந்து வெச்சுக்கிட்டே பேசினாரு. ரெண்டாவது வருஷம் காபி வந்துச்சு, நாலு மணி நேரம் அவரு வீட்டம்மா தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வையைப் பத்தி மட்டும்தான் பேசினோம். மூணாவது வருஷம் பக்கத்து வயல்காரரு புல் வாய்க்கால் போட்டாரு, அந்த வருஷம் வந்த பெருமழைக்கு அந்தப் பக்கத்து வயல் தப்பிச்சுது. மறுநாள் காலைல ஏழு மணிக்கு போன், "அந்த இந்தியாப் பொண்ணை அனுப்புங்க".

டொலீடோல குடிதண்ணி விஷமாச்சாமே, அதுக்கு உங்க விவசாயிங்கதான் காரணமா?

எங்க வயல் தண்ணி எல்லாம் போய்ச் சேர்ற ஆத்துக்குப் பேரு மாமீ. ஆமா, சிரிச்சுக்கோங்க, ஊர்ல இருந்து யாரு கேட்டாலும் முதல்ல அதுக்குத்தான் சிரிக்கிறாங்க. மாமீ போய் விழறது ஈரி ஏரில. அமெரிக்காவோட அஞ்சு பெரிய ஏரில அதுதான் ஆழம் கம்மி, அதுலயும் ஆறு விழற மேற்குப் பக்கம் சராசரியா ஏழு மீட்டர் சொச்சம்தான். வெயில் காலத்துல சீக்கிரம் சூடாகும், கூட பயிருக்கு உரமா போடற பாஸ்பரஸ்ங்கற சத்தும் சேந்துச்சுன்னா நீலப்பச்சைப் பாசி பட்டாணிக் கூழு மாதிரி மிதக்கும். அந்தப் பாசில மைக்ரோசிஸ்டின்னு ஒரு நஞ்சு, கல்லீரலைத் தாக்கும். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்த நஞ்சு, இந்த ஏரித் தண்ணியக் குடிக்கிற டொலீடோ நகரத்துக் குழாய்த்தண்ணிலயே வந்துடுச்சு, குடிக்காதீங்க, கொதிக்க வெச்சாலும் போகாது, இன்னும் கெட்டியாத்தான் ஆகும்னு அறிவிச்சாங்க. கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேருக்கு மூணு நாளு தண்ணி இல்ல.

காரணம் விவசாயிங்களான்னா, ஆமா, பெரும்பங்கு. 1960கள்ல இதே ஏரி செத்துப்போச்சுன்னு எழுதினாங்க, அப்போ முக்கியமா சாக்கடையும் சோப்புத்தூளும். 1972ல சட்டமும் கனடாவோட ஒப்பந்தமும் வந்து அதைக் கட்டுப்படுத்தினதும் ஏரி தேறிடுச்சு. 90களோட நடுவுல இருந்து திரும்பப் பாசி வந்துச்சு, இந்தத் தடவை மாமீ கொண்டு வர்றதுல பெரும்பகுதி வயல்ல இருந்து போறது. ஆனா "விவசாயிங்க அடாவடி"ன்னு நினைக்காதீங்க, ஒரு வயல்ல இருந்து போறது ஏக்கருக்கு ஒரு பவுண்டு கணக்குலதான் இருக்கும், போட்ட உரத்துல அது அவருக்குத் தூசு. லட்சக்கணக்கான ஏக்கர்ல இருந்து அந்தத் தூசு சேருது, ஏரிக்கு அதுவே ஜாஸ்தி.

நான் படிச்சேன், நீங்க உழாதீங்கன்னு சொன்னதாலதான் ஏரி கெட்டுப்போச்சாம். நிஜமா?

கொலம்பஸ்ல இருக்கிற ஒரு அண்ணன் கேட்டது, கேட்டுட்டு ஜெயிச்ச மாதிரி பாத்தாரு. பாதி நிஜம் அண்ணா. பாஸ்பரஸ் ரெண்டு விதமா போகும். மண்ணுத் துகளோட ஒட்டிக்கிட்டுப் போறது ஒண்ணு, தண்ணில கரைஞ்சு போறது ஒண்ணு. ஒட்டினதுல ஒரு பங்குதான் பாசிக்கு உதவும், கரைஞ்சது முழுக்க முழுக்கத் தீனி. எங்களுக்கு முன்னாடி இந்த வேலைல இருந்தவங்க துரத்தினது முதல் வகைய, மண்ணு அரிப்பு நிஜமாவே கொறைஞ்சுது. ஆனா உழாத நிலத்துல வருஷா வருஷம் உரத்தை மேல தூவிட்டு விட்டா அது கீழ கலக்காம மேல் ரெண்டு இஞ்ச்லயே தங்கும், மழை பேஞ்சா கரைஞ்சு, புழு ஓட்டை, வெடிப்பு வழியா நேரா டைலுக்குள்ள எறங்கி வாய்க்காலுக்கு வந்துடும். டைல் வாயில நின்னு ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பாத்தா மினரல் வாட்டர் மாதிரி தெளிவா இருக்கும், அந்தத் தெளிவுதான் நம்மள ஏமாத்தினது.

இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, டைல் அதிகமானது, வசந்தத்துல மழை கூடுனது, பழைய உரம் மண்ணுல தேங்கி நிக்கிறது எல்லாம் சேந்ததுதான். அதனால இப்போ "உழாதே"ன்னு மட்டும் சொல்றதில்ல, உரத்தை மேல தூவாத, விதைக்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள வைன்னு சேத்துச் சொல்றோம். 2019ல ஓஹையோ கவர்னர் ஆரம்பிச்ச எச்-டூ-ஓஹையோ திட்டத்துல இதுக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு பணமே தர்றாங்க, திட்டம் எழுதிக் குடுக்கிறது நாங்க.

மண்ணு டெஸ்ட் பண்ணாமயா உரம் போடறாங்க இவ்வளவு படிச்சவங்க?

டெஸ்ட் எடுப்பாங்க, நம்ப மாட்டாங்க. மக்காச்சோளம், சோயாவுக்கு மண்ணுல பாஸ்பரஸ் 40 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 40 பங்கு) மேல இருந்தா உரமே தேவையில்லன்னு இங்க பல்கலைக்கழகப் பரிந்துரை தெளிவா இருக்கு. ரிப்போர்ட்ல 90 இருக்கும், "எதுக்கும் கொஞ்சம் போட்டு வைப்போம்"பாரு. எங்க அம்மா சாம்பாருக்கு உப்பு சரியா இருந்தும் ஒரு சிட்டிகை போடுவாங்க, அந்தப் பழக்கம்தான்.

எல்லாத்துக்கும் காசு குடுக்கிறீங்க, காசு நின்னா நிறுத்திடுவாங்களே?

சிலர் நிறுத்துறாங்க, மறைக்க ஒண்ணுமில்ல. ஃபெடரல்ல ஈக்விப்னு ஒரு திட்டம், செலவுல 75 சதவீதம் வரைக்கும் குடுக்கும், புதுசா விவசாயத்துக்கு வந்தவங்களுக்கு 90 வரைக்கும். வாய்க்கால் மாதிரி ஒரு தடவை வெட்டினா நிக்கிற வேலைக்கு இது சரி. வருஷா வருஷம் விதைக்க வேண்டிய மூடாக்குப் பயிர்னா பணம் முடிஞ்ச வருஷம் பாதிப் பேரு விலகிடுவாங்க. இருக்கிறவங்க ஏன் இருக்காங்கன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான், மழை விட்ட ரெண்டாம் நாளே டிராக்டர் இறக்க முடியுது, பக்கத்து வயல்ல அஞ்சு நாளாகுது.

இதுல இன்னொரு முடிச்சு குத்தகை. நாடு முழுக்க விவசாய நிலத்துல நூத்துக்கு நாப்பது பங்கு கிட்ட குத்தகைக்கு ஓடுது. நிலத்துக்காரம்மா ஃப்ளோரிடால இருப்பாங்க, உழுறவரு ஒரு வருஷக் குத்தகைல இருப்பாரு, அடுத்த வருஷம் நிலம் தன்கிட்ட இருக்குமான்னே தெரியாதவரு ஏன் மண்ணுக்குச் செலவு பண்ணுவாரு? அதனால நாங்க இப்போ நிலத்துக்காரங்களுக்கும் லெட்டர் போடறோம். பாதி லெட்டர் திரும்பி வருது.

நாங்க கொலம்பஸ் பக்கம் அஞ்சு ஏக்கரோட வீடு வாங்கியிருக்கோம், குளம் ஒண்ணு இருக்கு, பச்சையா நாறுது. நீங்க வந்து பாப்பீங்களா?

நான் வர முடியாது, ஆனா உங்க கவுன்டிக்கும் ஒரு டிஸ்ட்ரிக்ட் இருக்கு, கூப்பிட்டா பெரும்பாலும் காசு வாங்காம வந்து பாப்பாங்க, இது ரொம்பப் பேருக்குத் தெரியறதே இல்ல. வர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. புல்தரைக்குப் போடற உரம் குளத்துக்குள்ள எறங்குதா, கரை ஓரம் வரைக்கும் ஒட்ட வெட்டி வெச்சிருக்கீங்களா? ஓரத்துல ஒரு பத்தடி புல்லை வளர விடுங்க, வாத்துக் கூட்டமும் உள்ள வர யோசிக்கும். செடி மாதிரி களை இருந்தா புல்கெண்டை மீன் விடலாம், இந்த மாநிலத்துல குஞ்சு பொரிக்காத வகை மட்டும்தான் விடணும்னு சட்டம், பல டிஸ்ட்ரிக்ட்ல வருஷத்துக்கு ஒருக்கா மீன் விப்பாங்க. ஆனா பட்டாணிக் கூழு பாசிய அது தின்னாது.

நம்மூர்லயும் வேளாண் பொறியியல் துறை வரப்பு போடுது, பண்ணைக்குட்டை வெட்டுது. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

வேலை ஒண்ணுதான், அவங்க பண்ற சம உயர வரப்பும் தடுப்பணையும் எங்க ஆளுங்களுக்குப் போட்டோ காட்டினா வாயப் பொளப்பாங்க. நமக்குத் தண்ணிய நிறுத்தணும், இங்க மெதுவா விடணும், அதுதான் வித்தியாசம். இன்னொண்ணு, அங்க துறை மாநிலத்தோடது, ஆபீசர் மாறிக்கிட்டே இருப்பாரு. பாசனம் உள்ள இடத்துல 2000ஆம் வருஷச் சட்டப்படி விவசாயிங்க தேர்ந்தெடுக்கிற சங்கம் உண்டு, மானாவாரிக்கு நீர்வடிப்பகுதித் திட்டம் வந்தா ஒரு கமிட்டி வரும், திட்டம் முடிஞ்சா பெரும்பாலும் கமிட்டியும் தூங்கிடும். இங்க அதே அஞ்சு நாற்காலி வருஷக்கணக்கா இருக்கு, யாரு உக்காந்திருக்காங்கன்னு ஊருக்கே தெரியும், பள்ளம் விழுந்தா சர்ச் வாசல்ல நிறுத்திக் கேப்பாங்க. அந்த நாற்காலிக்கு ஆள் கெடைக்காம அலையுற வருஷமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

நம்ம தோட்டத்து மண்ணு ஒரு பை குடுத்து விடவா? நீதான் ஜாடில போட்டுப் பாப்பியே.

வேண்டாம் சித்தி, தயவுசெஞ்சு குடுத்து விடாதீங்க. வெளிநாட்டு மண்ணை பர்மிட் இல்லாம இங்க உள்ள விட மாட்டாங்க, ஏர்போர்ட்லயே பிடுங்கிப் போட்டுடுவாங்க. போன தடவை ஊருக்கு வந்தப்போ கரிசல்ல நடந்த செருப்பை நான் ராத்திரி ஒன்றரை மணிக்குப் பழைய டூத்பிரஷ் வெச்சுத் தேச்சுக்கிட்டு இருந்ததப் பாத்து நீங்கதானே சிரிச்சீங்க. அடுத்த ஆடில வரேன், ஜாடியும் கம்பி வலையும் நானே கொண்டு வரேன், நீங்க உழுத கொல்லைல ஒரு கட்டி, கெணத்து மேட்டுல புல்லு முளைச்ச எடத்துல ஒரு கட்டி, ரெண்டும் நல்லா காய வெச்சு எடுத்து வைங்க.